முறியாத கோடரிக்கு என்ன விலை?

1804ஆம் ஆண்டின் குளிர்காலம். இன்றைய வட டகோட்டா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் மரக்கோட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு அமெரிக்க ஆய்வுப் பயணிகளான மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் தங்கள் குழுவோடு முடங்கிக் கிடந்தார்கள். பசிபிக் கடற்கரைவரை போக வேண்டிய பயணம். ஆறோ உறைந்துவிட்டது, தானியமும் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துக் கிராமங்களில் இருந்த மண்டான் பழங்குடி மக்களிடம் மக்காச்சோளம் இருந்தது. அதைப் பெறக் குழுவுக்குப் பெரிதும் கைகொடுத்தவை ஓர் உலையும், ஜான் ஷீல்ட்ஸ் என்ற கைதேர்ந்த கொல்லரும்தான். ஷீல்ட்ஸ் போர்க்கோடரிகள் அடித்துக் கொடுத்தார், சோளம் வந்து சேர்ந்தது. வழியில் எரிந்து நைந்துபோன தகட்டு அடுப்பைக்கூட வெட்டி விற்றார்கள். நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றுக்கு ஏழெட்டு காலன் சோளம் கிடைத்தது.

கோடரியின் வடிவத்தைச் சொன்னவர்கள் மண்டான் மக்கள். லூயிஸுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. 1805 பிப்ரவரி 5ஆம் தேதி நாட்குறிப்பில் அதன் அளவுகளை எழுதிவைத்துவிட்டு ஒரு விமர்சனமும் செய்திருக்கிறார். முழுக்க இரும்பு, மிக மெல்லிய தகடு, நீளம் ஏழிலிருந்து ஒன்பது அங்குலம், காம்பு பதினான்கு அங்குலத்தைத் தாண்டுவது அரிது, மொத்த எடை ஏறக்குறைய ஒரு பவுண்டு. இவ்வளவு நீளமான தகட்டை இவ்வளவு குட்டையான காம்பில் மாட்டினால் அடி குறி தவறும், விழுந்தாலும் வேகம் இருக்காது, அதுவும் குதிரைமேல் இருந்து வீசுவதற்கு இது இன்னும் தோதுப்படாது என்பது அவர் வாதம். பேர் சொல்லாமல் இயற்பியல் பேசுகிறார் லூயிஸ்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீசும் கோடரியின் ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில் கூடும், வேகத்தோடு இருமடி விகிதத்தில் கூடும். மணிக்கட்டை மட்டும் மையமாக வைத்துச் சுழற்றினால், அதே சுழற்சி வேகத்தில் 14 அங்குலக் காம்பைவிட 22 அங்குலக் காம்பின் நுனி ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிக வேகத்தில் போகும். ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். தோளிலிருந்து வீசும்போது கையின் நீளமும் ஆரத்தில் சேர்ந்துவிடுவதால் வித்தியாசம் இவ்வளவு இருக்காது, ஒன்றரை மடங்கை ஒட்டி நிற்கும். நீளக் காம்பைச் சுழற்றுவது கடினம் என்பதால் அதிலும் கொஞ்சம் கழியும். ஆனாலும் லூயிஸ் சொன்னது சரி. இன்று கோடரிக் கடையில் தலையைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று முடிவு கட்டுகிறவர்கள் முதலில் காம்பைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இன்றைய கடை என்றால் அமெரிக்கக் கடை. அங்கே பழங்குடிகளின் சிறு கைக்கோடரியான டொமஹாக்குக்கு ‘டாக்டிகல் டொமஹாக்’ என்ற பெயரில் ஒரு சந்தையே நடக்கிறது. அதற்குத் தொடக்கம் வியட்நாம் போர். மோஹாக் பழங்குடி வழிவந்தவர் என்று சொல்லப்படும் பீட்டர் லகானா, இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்தவர். ஒரு பக்கம் வெட்டுவாய், மறு பக்கம் கூர்முனை, ஹிக்கரி மரக் காம்பு என்று அவர் வடிவமைத்த சிறு கோடரியை 1966 முதல் 1970 வரை படைவீரர்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். சுமார் நான்காயிரம் விற்றதாகச் சொல்வார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது அந்த வடிவம் மீண்டும் உயிர் பெற்றது. கதவை நெம்ப, பூட்டைத் தட்ட, மரப்பெட்டியைப் பிளக்க என்று ஆயுதத்தைவிடக் கருவியாகவே அதற்கு வேலை அதிகம். இன்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முகாம் போடுகிறவர்களும், வண்டியின் பின்பெட்டியில் ஒன்று கிடக்கட்டும் என்று நினைக்கிறவர்களும்தான். விலை ஐம்பது டாலரைச் சுற்றித் தொடங்கி அதைப் போல எட்டு, பத்து மடங்குவரை போகிறது. கறுப்புப் பூச்சும் ‘டாக்டிகல்’ என்ற அடைமொழியும் சேர்ந்தால் விலை தானாக ஏறும். பூச்சு துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். அடி தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் அடி தாங்குவது எதனால்? மூன்று விஷயங்களால்: எஃகுக்குக் கொடுத்த சூடு, தலையின் வடிவம், காம்பு. மூன்றுமே பெரிய செலவு பிடிக்காதவை. அதனால்தான் மலிவான டொமஹாக் நெடுநாள் உழைப்பதும், விலையுயர்ந்தது ஒரே குளிர்காலத்தில் வாய் தெறித்துப் போவதும் நடக்கிறது.

ஐரோப்பியர்கள் வட அமெரிக்கப் பழங்குடிகளோடு தோல் வியாபாரம் செய்த காலத்திலேயே மலிவும் உறுதியும் சேர்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அன்று எஃகு விலை அதிகம், இரும்பு மலிவு. கொல்லர் ஓர் இரும்புப் பட்டையை உருண்டைக் கம்பி மீது மடித்துச் சுற்றுவார். மடிப்பு காம்பு நுழையும் துளையாகிவிடும். இரண்டு நுனிகளும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சிறு எஃகுத் துண்டைச் செருகி, வெண்சூட்டில் வைத்து அடித்து ஒட்டவைப்பார். வெட்டுவாய்க்கு எஃகு, மற்றதெல்லாம் சாதா இரும்பு. சிக்கனத்துக்காகச் செய்தது, பொறியியலாகவும் மிகச் சரியாக அமைந்துவிட்டது. வாய் கடினமாக இருந்து கூரைக் காக்கும், உடல் இளகி இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

கடினம் வேறு, தாங்குதிறன் வேறு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் கடைக்காரரின் பேச்சில் பாதி உதிர்ந்துவிடும். கடினம் என்பது பள்ளம் விழாமல், கீறாமல் நிற்கும் குணம். தாங்குதிறன் என்பது அடி விழும்போது விரிசல் ஓடாமல் ஆற்றலை உள்வாங்கும் குணம். ஒரே எஃகில் முதலாவதை ஏற்றினால் பெரும்பாலும் இரண்டாவது இறங்கும். கத்தி இழுத்து அறுக்கிற கருவி, ஆகவே கடினம் அதற்கு முக்கியம். கோடரி மோதுகிற கருவி.

மோதல் எவ்வளவு பெரிது? அரைக் கிலோ தலை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் 25 ஜூல். ஈர மரத்தில் இறங்கி 2 செ.மீ. தூரத்தில் நின்றால் சராசரி விசை 1,250 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 125 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அதே வீச்சு மரத்தில் மறைந்திருக்கும் ஆணியிலோ இரும்புக் கீலிலோ பட்டு 1 மி.மீ. தூரத்தில் நின்றால் விசை 25,000 நியூட்டன். இரண்டரை டன் எடை, ஒரு நகத்தின் அகலம்கூட இல்லாத இடத்தில். கை மாறவில்லை, வீச்சும் மாறவில்லை. நிற்கும் தூரம் சுருங்கியது மட்டுமே இருபது மடங்கு வித்தியாசத்துக்குக் காரணம். வாய் தெறிப்பதா, மடங்குவதா, தாங்குவதா என்பது இந்தக் கணத்தில் தீர்மானமாகிறது.

அந்தத் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைப்பது உலை. இரும்பில் அரை சதவீதத்தை ஒட்டிக் கார்பன் கலந்தால் கடினப்படுத்தத் தகுந்த எஃகு கிடைக்கிறது. சாதாரண நிலையில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் உட்கார்ந்திருக்கும், கார்பன் நுழைய இடம் மிகக் குறைவு. 727 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடு ஏறினால் அணுக்கள் இடம் மாறி, கனசதுரத்தின் முகங்களில் போய் அமரத் தொடங்கும். இடைவெளி பெரிதாகும், கார்பன் கரைந்து உள்ளே புகுந்துகொள்ளும். இந்த நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் ஒழுங்காக வெளியேறிவிடும். சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தினால், நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் அந்த வேலையைச் செய்தால், வெளியேற நேரம் கிடைக்காது. பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும் அணுக்களின் நடுவே கார்பன் சிக்கிக்கொண்டு கனசதுரத்தை ஒரு பக்கம் இழுத்து நீட்டிவிடும். அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ முடியாது. மார்ட்டன்சைட் என்னும் இந்த நிலை மிகக் கடினம். அதே அளவுக்கு நொறுங்கவும் நொறுங்கும். தோய்த்த கையோடு அப்படியே காம்பு போட்டு ஒரு கல்லில் அடித்தால் வாய் சில்லுச் சில்லாகப் போகும்.

ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். சிக்கிய கார்பனில் ஒரு பகுதி மிக நுண்ணிய கார்பைடு துகள்களாக வெளியே வரும், உள்ளிறுக்கம் தளரும். கொஞ்சம் கடினத்தை விற்றுத் தாங்குதிறனை வாங்கும் பேரம் இது. பழைய கொல்லர்களுக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகின்மேல் சூடு ஏற ஏற ஆக்சைடு படலம் தடிக்கும், அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் காட்டும். 220 பாகையை ஒட்டி வெளிர் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300க்குப் பக்கத்தில் நீலம். அதிரசப் பாகு மாதிரி, பதம் தவறினால் பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. வாயை மட்டும் கடினமாக்கி, துளையைச் சுற்றியுள்ள பகுதியை இளக்கமாகவே விட்டுவைத்தால், தோல் வியாபாரக் காலத்துக் கோடரியின் அதே நன்மை ஒரே எஃகுக் கட்டியில் கிடைத்துவிடும்.

இனி எஃகின் பெயர்கள். 1055 என்றால் வேறு பெரிய கலப்பு இல்லாத எஃகு, கார்பன் 0.55 சதவீதம். கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் டிரெயில் ஹாக், சிஆர்கேடி நிறுவனத்தின் சோகன் போன்ற மலிவான, பெயர் பெற்ற டொமஹாக்குகள் இந்த எஃகில்தான் அடிக்கப்படுகின்றன. சோகனை வடிவமைத்த ரையன் ஜான்சன், டென்னசியில் உயர்விலை டொமஹாக் செய்யும் ஆர்எம்ஜே நிறுவனத்தை நடத்துபவர் என்பது சுவையான செய்தி. விலை வரிசையின் இரண்டு கோடிகளிலும் ஒரே கை இருக்கிறது. 1055 மலிவான எஃகு என்பதால் மட்டமான எஃகு என்று பொருளில்லை. கிட்டத்தட்ட இதே கார்பன் அளவுள்ள லாரிப் பட்டாவைத்தான் நம் ஊர்க் கொல்லர்கள் தேடிப்பிடித்து அரிவாள் அடிக்கிறார்கள்.

மாறாக டி2 என்ற எஃகைப் பாருங்கள். கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம். கத்தி உலகில் நல்ல பெயர், கூர் நெடுநாள் நிற்கும். அந்தக் கூரைக் காப்பது உள்ளே சிதறிக் கிடக்கும் பெரிய குரோமியம் கார்பைடு துகள்கள். மோதலில் விரிசல் தொடங்குவதற்கு வசதியான இடமும் அவைதான். கோடரிக்கு டி2 போட்டிருக்கிறோம் என்று ஒரு விளம்பரம் பெருமை பேசினால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு இன்னொரு கதை. கொஞ்சம் மெத்தென்றிருக்கும், கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் எளிதில் தெறிக்காது. படகிலோ கடற்கரை முகாமிலோ வைத்துக்கொள்ள அது மோசமில்லை.

கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் நல்ல கோடரி வாய் 50க்கும் 56க்கும் இடையே இருக்கும். 60 என்று எழுதியிருந்தால் அதைக் கத்திக்கு உரிய எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பம் இறங்க இறங்கச் சாதா கார்பன் எஃகின் தாங்குதிறனும் இறங்கும். வட அமெரிக்க மரவெட்டிகள் கடும் உறைபனிக் காலையில் கோடரித் தலையைக் கொஞ்சம் சூடு காட்டிவிட்டு வேலை தொடங்கியதற்குக் காரணம் இது.

வடிவத்துக்கு வருவோம். எடையைக் குறைக்கவும், அழகுக்காகவும், தலையிலும் தண்டிலும் ஓட்டைகள் வெட்டுவது டாக்டிகல் ரகங்களில் வழக்கம். இழுவிசை தாங்கும் தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஓட்டை இழுவிசைக்குக் குறுக்கே நீண்டு குறுகினால் நிலைமை இன்னும் மோசம் என்று 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் நிறுவினார். கூர்மையான உள்மூலையைக் கிட்டத்தட்ட தொடங்கிவைத்த விரிசலாகவே கருத வேண்டும். ஆயிரக்கணக்கான அடிகள் விழுந்த பிறகு, ஒரு சாதாரண அடியில் தலை இரண்டாகப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மூலையிலிருந்துதான். வளைவுகள் தாராளமாக உருண்டிருக்கின்றனவா, தலையும் தண்டும் சேரும் கழுத்து திடீரென ஒடுங்குகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பின்பக்கக் கூர்முனை ஊசியாக நீண்டிருந்தால் படத்துக்கு அழகு. நெம்பும்போது முதலில் போவது அந்த நுனிதான்.

காம்பில் மூன்று வழிகள் உண்டு. தலையும் தண்டும் ஒரே தகட்டில் வெட்டப்பட்டு, இருபுறமும் பிடித்துண்டுகள் ஒட்டியவை ஒரு வகை. தலை கழன்று பறக்காது, நெம்புவதற்கு நிகர் கிடையாது, ஆனால் அதிர்ச்சி முழுவதும் கைக்கு வரும், விலையும் அதிகம். தலையைக் கண்ணாடி இழை கலந்த நைலான் பிடியில் போல்ட் போட்டு இறுக்குவது இன்னொரு வகை. எடை குறைவு, விலையும் குறைவு. தொடர்ந்த அழுத்தத்தில் நைலான் மெல்ல மெல்ல இளகி விலகும் குணமுள்ளது. அதனால் போல்ட் தளரும். அவ்வப்போது முடுக்கிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு இது தோதுப்படாது.

மூன்றாவது, பழைய ஹிக்கரிக் காம்பு. என் ஓட்டு இதற்குத்தான். சாதாரணக் கோடரியில் காம்பைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடிப்போம். டொமஹாக்கின் துளை மேலே அகன்று கீழே ஒடுங்கும், காம்பும் தலைப்பக்கம் பருத்திருக்கும், மேலிருந்து கீழாக உருவினால் துளையில் வந்து கவ்விக்கொள்ளும். வீசும்போது தலை வெளியே பறக்கப் பார்க்கும், பறக்கப் பார்க்கும் திசையிலேயே காம்பு பருத்துக்கொண்டு போவதால் பிடி இன்னும் இறுகும். ஆப்பு வேண்டாம், பசை வேண்டாம். காம்பு ஒடிந்தால் தலையைத் தட்டிக் கழற்றி, காட்டிலேயே ஒரு கொம்பைச் சீவி மாட்டிக்கொள்ளலாம். சில தயாரிப்புகளில் தலை ஆடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணி போட்டிருப்பார்கள். மரத்தில் அது குத்தும் இடமே முறிவுக்கு வித்தாகலாம். அதைக் கழற்றிவிட்டு, காம்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரியாகப் பொருத்துவது மேல்.

மரத்தைத் தேர்வதிலும் நம்பிக்கைகள் உண்டு. வெள்ளை ஹிக்கரி உறுதி, செந்நிறம் மட்டம் என்பது ஒன்று. எடை சமமாக இருந்தால் இரண்டும் ஒரே வலுதான் என்று அமெரிக்க வனத்துறை ஆய்வகம் சோதித்துச் சொல்லிவிட்டது. ஆண்டு வளையம் நெருங்கியிருந்தால் நல்லது என்பது இன்னொன்று. ஹிக்கரியில் நேர்மாறு. வசந்தத்தில் வளரும் பகுதி துளைகள் நிறைந்தது, கோடையில் வளரும் பகுதி அடர்த்தியானது. வேகமாக வளர்ந்த மரத்தில் அடர்ந்த பகுதியின் பங்கு கூடும். உண்மையில் பார்க்க வேண்டியது நாரோட்டம். காம்பின் பக்கத்தில் நார்க்கோடுகள் தலையிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டாக வெளியேறினால் அங்கேதான் ஒடியும்.

காம்பு உலர்ந்து ஆட்டம் கண்டால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். காலையில் இறுக்கமாக இருக்கும். ஆனால் உப்பிய மரம் இரும்புச் சுவரில் மோதித் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. மறுபடி உலர்ந்ததும் முன்னைவிட அதிகம் சுருங்கி, முன்னைவிட அதிகம் ஆடும். ஆளிவிதை எண்ணெய் தடவி ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதே சரியான வைத்தியம்.

வாங்கும்போது செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நல்ல அரத்தை வாயின்மேல் மெல்ல ஓட்டுங்கள். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் சறுக்கினால் வாய் அளவுக்கு மீறிக் கடினம். வெண்ணெயில் போவதுபோல் போனால் தோய்ச்சலே சரியாக விழவில்லை. தயங்கித் தயங்கிக் கடித்தால் சரியான பதம். அப்புறம் தலையின் துளையை எதிரே பிடித்துப் பாருங்கள், வெட்டுவாயும் துளையின் நடுக்கோடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கோணலான துளையை எந்த எஃகும் காப்பாற்றாது.

புதிதாக வந்த மலிவான டொமஹாக்கின் வாய் பெரும்பாலும் மொண்ணையாகவே இருக்கும். அதைத் தீட்டுகிற அவசரத்தில் மின்சாரச் சாணையில் வைத்து அழுத்துவதுதான் பலரும் அதைக் கெடுக்கும் இடம். வாயின் மெல்லிய விளிம்பு சில வினாடிகளில் 300 பாகையைத் தாண்டிவிடும், பதம் இறங்கிவிடும். தீட்டி முடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது விளிம்பில் நீல நிறம் ஓடியிருந்தால், அந்தப் பகுதி முழுவதையும் கை அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, அடியிலுள்ள நல்ல எஃகுவரை போய்ப் புது வாய் வைக்க வேண்டும். ஒரு மாலை வேலை.